பொன்னுக்கு வீங்கி: கன்னத்தில் தெரிவதும் உள்ளே நடப்பதும்

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்தபோது, "நீதான் மண்ணச்சநல்லூர்க்காரனாச்சே, ரைஸ் மில் பாய்லரைப் பத்தி எழுதேன்" என்றார்கள். எங்கள் ஊர் என்றாலே பொன்னி அரிசி, நெல் புழுக்கும் பாய்லர், புகைபோக்கி என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு. பாய்லரைப் பற்றி எழுதப் பாடப்புத்தகமே இருக்கிறது. நான் எடுத்துக்கொண்டது நம் ஒவ்வொருவர் காதுக்கு முன்னாலும் இருக்கிற ஒரு சின்னப் பம்ப். அது கெட்டுப்போனால் என்ன ஆகும், எதனால் கெடுகிறது, நம் வயசுப் பசங்களுக்கு அதில் தனியாக என்ன ஆபத்து என்பதுதான் விஷயம். மெக்கானிக்கல் மாணவன் மருத்துவம் பேசலாமா என்று கேட்காதீர்கள். கன்னம் எல்லா பிராஞ்சுக்கும் உண்டு!

பம்ப்பும் பைப்பும்

மூன்று ஜோடி உமிழ்நீர்ச் சுரப்பிகள் இருக்கின்றன என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். காதுக்கு முன்னால், தாடை எலும்பின் மேல் படிந்தாற்போல் இருப்பது மேலண்ணச் சுரப்பி. டாக்டர்கள் பரோட்டிட் என்பார்கள். பெயர் குழப்புவதால் நான் கன்னச் சுரப்பி என்றே எழுதுகிறேன். தாடைக்கு அடியில் கீழ்த்தாடைச் சுரப்பி, நாக்குக்கு அடியில் நாவடிச் சுரப்பி. இவை போக உதட்டின் உள்புறம், அண்ணம், உள்கன்னம் எங்கும் கண்ணுக்கே தெரியாத சிறு சுரப்பிகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை எச்சிலைத் தருகின்றன. அதில் 99 சதவீதம் தண்ணீர். மிச்சத்தில்தான் உப்புகள், சோற்று மாவை உடைக்கும் அமிலேஸ், வழவழப்பைத் தரும் மியூசின், கிருமியைத் தடுக்கும் சில புரதங்கள் எல்லாம் அடக்கம். லேத்தில் வேலை செய்யும்போது கூலன்ட் நின்றுபோனால் டூல் என்ன கதியாகும் என்று நமக்குத் தெரியும். எச்சில் நின்றுபோன வாயும் ஏறக்குறைய அந்தக் கதிதான்.

சுரப்பியின் உள் அமைப்பு திராட்சைக் கொத்து மாதிரி. பழம் இருக்கிற இடத்தில் எச்சிலை உண்டாக்கும் செல்கள், காம்பு இருக்கிற இடத்தில் குழாய். சிறு குழாய்கள் ஒன்றுசேர்ந்து கடைசியில் ஒரே மெயின் பைப்பாகின்றன. கன்னச் சுரப்பியின் மெயின் பைப் சுமார் 5 செ.மீ. நீளம். அது வாய்க்குள் திறக்கும் இடம், மேல்வரிசையில் இரண்டாவது கடைவாய்ப் பல்லுக்கு நேர் எதிரே, கன்னத்தின் உள்பக்கம். நாக்கு நுனியால் தடவிப் பாருங்கள், சின்ன மொட்டு மாதிரி தட்டுப்படும். 1660-ல் ஆம்ஸ்டர்டாமில் ஓர் ஆட்டுத்தலையை அறுத்துப் பார்த்து இந்தக் குழாயைக் கண்டுபிடித்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் ஸ்டென்சன். அப்போது அவரும் ஒரு மாணவர்தான். இதே மனிதர்தான் 1669-ல், பாறை அடுக்குகளில் கீழே இருப்பதே பழையது என்ற விதியையும் சொன்னவர். சிவில் நண்பர்கள் கொஞ்சம் பெருமைப்பட்டுக் கொள்ளலாம்.

ஹைட்ராலிக்ஸ் படித்தவர்களுக்கு இங்கே ஒரு கேள்வி வர வேண்டும். ரத்தத்தில் இருக்கிற நீர் வடிகட்டிப் போல் இறங்கி எச்சிலாகிறதா, இல்லை இது நிஜமாகவே பம்ப்தானா? 19-ஆம் நூற்றாண்டில் கார்ல் லுட்விக் என்ற ஜெர்மானியர் இதைச் சோதித்தார். சுரப்பியின் குழாயில் அழுத்தத்தை அளந்து பார்த்தால், ரத்தக் குழாயில் இருப்பதைவிட அதிகமாக இருந்தது. ஃபில்டருக்குப் பின்னால் அழுத்தம் முன்னால் இருப்பதைவிடக் கூடுமா? கூடாது. ஆகவே இது பம்ப். செல்கள் உப்பின் அயனிகளை உள்ளே தள்ளுகின்றன, அவற்றின் பின்னாலேயே தண்ணீர் ஓடி வருகிறது. வழியில் குழாயின் சுவர்ச் செல்கள் சோடியத்தைத் திரும்ப எடுத்துக் கொள்கின்றன. அதனால்தான் ரத்தம் கரிக்கிற அளவுக்கு எச்சில் கரிப்பதில்லை. அந்தக் குழாயின் சுவரை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். வில்லன் வந்து உட்காரும் இடம் அதுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கன்னச் சுரப்பியைச் சுற்றி இறுக்கமான ஓர் உறை இருக்கிறது. சட்டென்று விரிந்து கொடுக்காது. உள்ளே வீங்கினால் வெளியே போக இடமில்லை. அதனால்தான் வீக்கத்தின் அளவைவிட வலி அதிகமாக இருக்கிறது.

மூக்கு வழி வந்து கன்னத்தில் இறங்குவது

சரி, விஷயத்துக்கு வருவோம். பொன்னுக்கு வீங்கி என்று நம் பக்கத்தில் சொல்கிறார்களே, ஆங்கில மருத்துவத்தில் மம்ப்ஸ், அது கன்னத்தில் பிறக்கிற நோய் அல்ல. சளி, இருமல், தும்மலோடு மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் வருகிற வைரஸ் நோய். தட்டம்மை வைரஸுக்குச் சொந்தக்காரன். மூக்கு, தொண்டையின் உள்தோலில் முதலில் இறங்கிப் பெருகுகிறது. பக்கத்து நெறிகளுக்குப் போகிறது. பிறகு ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றுகிறது. இவ்வளவும் நடக்கும்போது ஆளுக்கு ஒன்றுமே தெரியாது. கிருமி உள்ளே போனதிலிருந்து கன்னம் வீங்க 16 முதல் 18 நாள் ஆகிறது. சிலருக்கு 12-லேயே வரும், சிலருக்கு 25 வரை போகும்.

ரத்தம் வழியாகச் சுரப்பிக்கு வந்த வைரஸ், நான் முன்பு சொன்ன குழாயின் சுவர்ச் செல்களில் குடியேறுகிறது. அந்தச் செல்கள் செத்து உதிர்ந்து குழாய்க்குள்ளேயே அடைக்கின்றன. உடம்பின் காவல் செல்கள் கூட்டமாக வந்து இறங்குகின்றன, இடையில் நீர் கோத்துக் கொள்கிறது. பம்ப் ஓடுகிறது, பைப் அடைபட்டிருக்கிறது, சுற்றிலும் இறுக்கமான உறை. ஊறுகாயை நினைத்தாலே காதுக்குக் கீழே சுரீர் என்று இழுப்பது இதனால்தான். புளிப்பு என்றதும் மூளை பம்ப்பை முழு வேகத்தில் ஓடச் சொல்கிறது. போக வழியில்லாத எச்சில் உள்ளேயே முட்டுகிறது. உடைந்த செல்களிலிருந்து அமிலேஸ் ரத்தத்தில் கலப்பதால் ரத்தப் பரிசோதனையிலும் அதன் அளவு ஏறித் தெரியும்.

இந்த இடத்தில்தான் வைரஸின் சாமர்த்தியம் இருக்கிறது. எச்சில் சுரப்பியைப் பிடித்துக்கொண்டால் அடுத்த ஆளுக்குப் போக அதைவிட நல்ல வழி ஏது? பேசினால் துளி, சிரித்தால் துளி, தும்மினால் ஆயிரம் துளி. கன்னம் வீங்குவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே தொற்று பரவ ஆரம்பித்துவிடுகிறது, வீங்கிய பிறகு 5 நாள் வரை நன்றாகவே பரவுகிறது. அதாவது ஊர் பார்த்து "அடடா, வீங்கியிருக்கே" என்று சொல்லும்போது, அந்தப் பையன் சத்திரம் பேருந்து நிலையத்தில் கூட்டத்தோடு பஸ் ஏறி, வகுப்பில் பக்கத்து பெஞ்சில் பேசி, கேன்டீனில் ஒரே டம்ளரில் டீயைப் பங்கு போட்டு முடித்திருப்பான். போதாததற்கு, தொற்றியவர்களில் ஐந்தில் ஒருவருக்காவது வீக்கமே வருவதில்லை. வெறும் ஜலதோஷம் மாதிரி வந்துவிட்டுப் போகும். அவர்களும் பரப்புகிறார்கள்.

எச்சில் பண்ணாதே, டம்ளரை வாயில் வைக்காமல் அண்ணாந்து குடி என்று வீட்டில் பெரியவர்கள் திட்டுவதில் நல்ல அறிவியல் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். ஆனால் காற்றில் வரும் துளிக்கு அந்த ஆசாரம் தெரியாது.

இது வைரஸ்தான் என்பதை நிரூபித்த விதமும் சுரப்பியை வைத்துத்தான். 1934-ல் அமெரிக்காவில் ஜான்சன், குட்பாஸ்சர் என்ற இருவர், நோயாளிகளின் எச்சிலை எடுத்து, ஸ்டென்சன் கண்டுபிடித்த அதே குழாய் வழியாகக் குரங்குகளின் கன்னச் சுரப்பிக்குள் செலுத்தினார்கள். குரங்குக்கும் கன்னம் வீங்கியது. பாக்டீரியாவைப் பிடித்து நிறுத்தும் வடிகட்டியில் வடித்த பிறகும் அந்தத் திரவம் நோயைக் கொடுத்தது. எனவே அதைவிடச் சின்ன ஒன்று, வைரஸ்.

மம்ப்ஸ் மட்டும்தானா என்றால், இல்லை. ஃப்ளூ எனப்படும் இன்ஃப்ளூயன்ஸா வைரஸும் எப்போதாவது கன்னச் சுரப்பியை வீங்க வைக்கும். 2014-15 குளிர்காலத்தில் அமெரிக்காவில் ஃப்ளூவோடு கன்னம் வீங்கியவர்கள் நூற்றுக்கணக்கில் பதிவானார்கள். பாரா இன்ஃப்ளூயன்ஸா, அடினோ வைரஸ் போன்ற சாதாரண சளி வைரஸ்களும் அபூர்வமாக இதைச் செய்வதுண்டு. கொரோனா நமக்குத் தெரிந்த கதை. அந்த வைரஸ் ஒட்டிக்கொள்ளும் கொக்கி போன்ற புரதம் எச்சில் சுரப்பியின் செல்களிலும் இருக்கிறது என்பதையும், அங்கேயே அது பெருகுகிறது என்பதையும் 2021-ல் வெளியான ஆய்வுகள் காட்டின. கொரோனா வந்தவர்களில் பலர் வாய் வறட்சியைச் சொன்னதற்கும், மூக்கில் குச்சி விடாமல் எச்சிலை வைத்தே டெஸ்ட் எடுக்க முடிந்ததற்கும் இதில் விடை இருக்கிறது. ஆனால் இரண்டு கன்னமும் ஊதி, ஊர் முழுக்கப் பரவுகிற வேலையைச் செய்வது மம்ப்ஸ் ஒன்றுதான்.

சங்கிலி போட்டால் வடியுமா?

பெயரிலேயே பொன் இருக்கிறது. வீங்கிய குழந்தையின் கழுத்தில் தங்கச் சங்கிலியைப் போட்டால் வடிந்துவிடும் என்பது நம்பிக்கை. எங்கள் அப்பாயி, "அது பொன்னு கேட்டு வீங்குதுடா, ரெண்டு பவுன் சங்கிலியப் போட்டு விடு, ஒரு வாரத்துல இறங்கிடும்" என்பார். ஒரு வாரத்தில் இறங்கியும் விடும்! ஏனென்றால் சங்கிலி போட்டாலும் போடாவிட்டாலும் வீக்கம் முதல் மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரம் பத்து நாளில் தானாக வடிகிற இயல்புடையது. புகழ் மட்டும் சங்கிலிக்கு. சங்கிலியால் கெடுதல் ஒன்றுமில்லை, தங்கம் விற்கிற விலையில் ஹாஸ்டலில் போடாமல் இருப்பது நல்லது, அவ்வளவுதான்.

நாமக்கட்டியை இழைத்துப் பற்றுப் போடுவதும் நம் பக்கத்து வழக்கம். ஸ்ரீரங்கம் பக்கத்தில் இருக்கும்போது நாமக்கட்டிக்குப் பஞ்சமா? வெளியே குளிர்ச்சியாக இருக்கும், வலி கொஞ்சம் தணிந்தாற்போல் தெரியும், தப்பில்லை. சுண்ணாம்பு தடவுவதுதான் எனக்கு உடன்பாடில்லை. தோல் வெந்து போனால் வீக்கத்தோடு புண்ணும் சேரும்.

அம்மைக்கட்டு, புட்டாளம்மை என்றும் இதற்குப் பெயர்கள் உண்டு. இலங்கைத் தமிழர் கூகைக்கட்டு என்பார்கள். அம்மை என்ற சொல் வந்துவிட்டதால் டாக்டரிடம் போகக்கூடாது, ஊசி போடக்கூடாது என்று சில வீடுகளில் நிறுத்தி வைக்கிறார்கள். பக்கத்திலேயே சமயபுரம். மாசிக் கடைசி ஞாயிறு பூச்சொரிதலில் தொடங்கி 28 நாள் உலக நன்மைக்காக அம்மனே பச்சைப் பட்டினி இருக்கிற ஊர். இந்த நோயும் பெரும்பாலும் பனிக்காலக் கடைசியிலிருந்து வெயில் ஏறும் வரை உள்ள மாதங்களில்தான் தலைகாட்டுகிறது. நம்பிக்கை உள்ளவர்கள் விரதம் இருக்கட்டும், வேப்பிலை வைக்கட்டும். அதற்கும் டாக்டரிடம் காட்டுவதற்கும் சண்டை எதுவுமில்லை. ஒரு சின்ன யோசனை மட்டும். அந்த நாட்களில் கிடைக்கும் நீர்மோரும் இளநீரும் மெல்ல முடியாத பையனுக்கு நல்ல ஆகாரம். மோர் புளிக்காததாக இருக்க வேண்டும். எலுமிச்சை பிழிந்த பானகம் வேண்டாம், காது வரைக்கும் இழுக்கும்.

எல்லாக் கன்ன வீக்கமும் பொன்னுக்கு வீங்கி அல்ல என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பொன்னுக்கு வீங்கியில் வீக்கம் காதின் கீழ் மடலைச் சுற்றி வரும். மடல் மேலே, வெளியே தள்ளினாற்போல் நிற்கும், தாடையின் மூலை எலும்பைத் தொட்டால் தெரியாது. தொண்டைப் புண்ணால் கட்டும் நெறி அதற்குக் கீழே, கழுத்தில் உருண்டையாகத் தட்டுப்படும். சாப்பிட உட்காரும்போதெல்லாம் தாடைக்கு அடியில் வீங்கி, சாப்பிட்ட பிறகு வடிந்தால் அது பெரும்பாலும் குழாயில் கல். அதற்கு மட்டும் டாக்டரே எலுமிச்சையைச் சப்பச் சொல்வார். எச்சில் வேகத்தில் கல் நகரட்டும் என்று! சொத்தைப் பல்லால் வரும் வீக்கம் பல்லடியில் தொடங்கும். ஒரே பக்கம் சிவந்து, சுட்டு, குழாய் வாயில் சீழ் வந்தால் அது பாக்டீரியா வேலை. உடம்பில் நீர் வற்றி எச்சில் ஓட்டம் குறைந்தவர்களுக்கு வாய்க் கிருமி குழாய் வழியாகப் பின்னோக்கி ஏறிவிடுகிறது. இதற்கு ஆன்டிபயாட்டிக் வேண்டும். பொன்னுக்கு வீங்கிக்கு ஆன்டிபயாட்டிக் தண்டம்.

நம் வயசில் வந்தால்

சின்னப் பிள்ளைகளுக்கு வந்து போனால் பெரும்பாலும் கன்னத்தோடு முடிந்துவிடும். பருவம் வந்த பிறகு வந்தால் கணக்கே வேறு. வைரஸ் ரத்தத்தில் சுற்றுகிறது என்று சொன்னேனே, அதற்குச் சுரப்பிகள் என்றால் பிரியம். கணையத்தைப் பிடிக்கும், மேல்வயிறு வலிக்கும், வாந்தி வரும். மூளையைச் சுற்றிய உறையைப் பிடிக்கும், தலைவலியும் கழுத்து விறைப்பும் வரும். அபூர்வமாக ஒரு காது நிரந்தரமாகக் கேட்காமல் போவதும் உண்டு. பெண்களில் சிலருக்குச் சினைப்பையில் அழற்சி வந்து அடிவயிறு வலிக்கும். பருவம் கடந்த, தடுப்பூசி போடாத ஆண்களில் நூற்றுக்கு 30 பேர் வரைக்கும் விரை வீங்குகிறது. இதை மலரில் எழுதலாமா என்று ஒரு நண்பர் தயங்கினார். எழுதாமல் விட்டதால்தான் தொந்தரவே.

எங்கள் சித்தப்பா வீட்டில் 2024 பொங்கலுக்குப் பிறகு நடந்ததைச் சொல்கிறேன். ஒன்பதாவது படிக்கிற சின்னவனுக்கு ஜனவரி 20 வாக்கில் இரண்டு கன்னமும் வீங்கியது. நாமக்கட்டி, சங்கிலி எல்லாம் நடந்தது. பத்து நாளில் துள்ளிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டான். பெரியவன் டிப்ளமோ இரண்டாம் ஆண்டு. இருவரும் ஒரே பாயில் படுப்பவர்கள். சரியாக 18 நாள் கழித்துப் பெரியவனுக்கு வீங்கியது. கன்னம் வடிகிற நேரம், ஆறாவது நாள், மறுபடியும் குளிர் ஜுரம். ஜுரத்தோடு ஒரு பக்க விரையில் தாங்க முடியாத வலி. அவன் யாரிடமும் சொல்லவில்லை. முந்தின வாரம் கபடியில் அடிபட்டதுதான் காரணம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு இரண்டு நாள் போர்வைக்குள் கிடந்தான். மூன்றாம் நாள் அவன் நடக்கிற விதத்தைப் பார்த்துச் சித்திதான் பிடித்தார். "ஏண்டா, சொல்ல மாட்டியா?" "எப்படிம்மா சொல்றது?" அவ்வளவுதான் பேச்சு.

டாக்டர் பார்த்து, படுக்கையில் ஓய்வு, தாங்கிப் பிடிக்கும் இறுக்கமான உள்ளாடை, குளிர்ந்த ஒத்தடம், வலிக்கு மாத்திரை என்று சொன்னார். ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. ஆனால் அந்த இரண்டு நாள் அவன் பயந்த பயம் வேறு. இனி குழந்தையே பிறக்காது என்று யாரோ எப்போதோ சொன்னதை நினைத்துக்கொண்டு தூங்காமல் இருந்திருக்கிறான். உண்மை என்னவென்றால், விரை வீங்கியவர்களில் பாதிப் பேருக்கு அது பிறகு ஓரளவு சுருங்கலாம். பெரும்பாலும் ஒரு பக்கம்தான் பிடிக்கும், மறுபக்கம் நன்றாக வேலை செய்யும். முழு மலட்டுத்தன்மை அபூர்வம். இன்னொன்று, விரையில் திடீர் வலி என்றால் அது முறுக்கிக் கொண்டதாலும் இருக்கலாம். அது அறுவை சிகிச்சைக்கு ஓடவேண்டிய அவசரம், சில மணி நேரத்துக் கணக்கு. எது எது என்று போர்வைக்குள் படுத்துக்கொண்டு கண்டுபிடிக்க முடியாது. அதனால் அங்கே வலி என்றால் அதே நாளில் காட்டுங்கள்.

மூன்றாவது எழுத்து

2017 பிப்ரவரியில் நம்மில் பலர் ஐந்தாவது, ஆறாவது படித்துக் கொண்டிருந்தோம். பள்ளியில் வரிசையில் நிற்கவைத்துக் கையில் ஒரு ஊசி போட்டார்கள், ஞாபகம் இருக்கிறதா? 9 மாதக் குழந்தை முதல் 15 வயதுக்குள் உள்ள எல்லோருக்கும் போட்ட ஊசி. நாட்டிலேயே முதல் கட்டமாகத் தொடங்கிய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. அதன் பெயர் எம்.ஆர். மீசல்ஸ், ரூபெல்லா, அதாவது தட்டம்மைக்கும் ஜெர்மன் அம்மைக்கும். தனியார் டாக்டர்கள் போடுவது எம்.எம்.ஆர். நடுவில் இருக்கிற இன்னொரு எம்தான் மம்ப்ஸ். அந்த எழுத்து நமக்குப் போட்ட ஊசியில் இல்லை. தேசியத் தடுப்பூசி அட்டவணையில் மம்ப்ஸ் சேர்க்கப்படவில்லை. உயிரைக் குடிப்பது தட்டம்மை, வயிற்றுப் பிள்ளையைக் கெடுப்பது ரூபெல்லா, மம்ப்ஸ் தானாக வடிந்துவிடும் நோய் என்பது கணக்கு. காசு குறைவாக இருக்கும்போது அந்த வரிசை நியாயம்தான். ஆனால் விளைவு என்ன என்பதை வேறு ஒரு நாடு நமக்கு முன்பே பார்த்துவிட்டது.

இங்கிலாந்தில் 1988-லிருந்து குழந்தைகளுக்கு எம்.எம்.ஆர். போடுகிறார்கள். அதற்குமுன் பிறந்து தவறிப்போன பிள்ளைகளுக்காக 1994 நவம்பரில் ஒரு பெரிய முகாம் நடத்தினார்கள். 5 முதல் 16 வயது வரை, எல்லாப் பள்ளிகளிலும். போட்டது எம்.ஆர்.! நமக்கு 2017-ல் போட்ட அதே இரண்டெழுத்து. பத்து வருஷம் கழித்து அந்தப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போனார்கள், விடுதிகளில் தங்கினார்கள். 2005-ல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மட்டும் மம்ப்ஸ் உறுதியானவர்கள் 40,000-க்கு மேல். பெரும்பாலோர் 20 வயதை ஒட்டிய இளைஞர்கள், கல்லூரி மாணவர்கள். 2006-ல் அமெரிக்காவில் பரவியபோதும் அதிகம் மாட்டியவர்கள் கல்லூரி மாணவர்கள்தான், மொத்தம் 6,500-க்கு மேல். அங்கே பலர் இரண்டு ஊசியும் போட்டவர்கள். விடுதி என்றால் அப்படி நெருக்கம்.

நம் நாட்டுக்கும் இங்கிலாந்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே மம்ப்ஸ் எப்போதும் ஊரில் சுற்றிக்கொண்டே இருந்தது. நம்மில் பலருக்குச் சின்ன வயசிலேயே வந்து, சிலருக்குத் தெரியாமலே வந்து போயிருக்கும். ஒருமுறை வந்தால் பெரும்பாலும் ஆயுசுக்கும் எதிர்ப்பு இருக்கும். ஆகவே எல்லோரும் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் 2020, 2021-ல் பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்தில் வராமல் தப்பியவர்களும் நிறைய. 2023 கடைசியிலும் 2024 தொடக்கத்திலும் கேரளாவில் ஆயிரக்கணக்கில் வந்ததும், தமிழ்நாட்டிலும் எண்ணிக்கை கூடியதும் எல்லோரும் செய்தியில் பார்த்ததே. அந்தக் கேரளாவில் முன்பு எம்.எம்.ஆர். கொடுத்துவந்து, 2016-ல் நிறுத்தினார்கள்.

ஊசியின் கதையும் ஒரு வீட்டுக் கதைதான். 1963-ல் அமெரிக்க விஞ்ஞானி மோரிஸ் ஹில்மேனின் ஐந்து வயது மகள் நடுராத்திரியில் கன்னம் வீங்கி எழுந்தாள். அப்பா அவள் தொண்டையில் பஞ்சால் ஒற்றி எடுத்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார். கோழி முட்டைக் கருவில் திரும்பத் திரும்ப வளர்த்து, அந்த வைரஸை வலுவிழக்கச் செய்தார். 1967-ல் அது தடுப்பூசியாக அனுமதி பெற்றது. அந்த வைரஸ் வகைக்கு இன்றும் அவள் பெயர்தான், ஜெரில் லின். இந்தியாவில் புனேயில் தயாராகும் எம்.எம்.ஆரில் இருப்பது வேறு வகை, லெனின்கிராட்-ஜாக்ரெப்.

இரண்டு டோஸ் போட்டவர்களில் நூற்றுக்கு 86 முதல் 88 பேர் வரை பாதுகாப்பு பெறுகிறார்கள். மிச்சப் பேருக்கு வந்தாலும் விரை வீக்கம் போன்ற தொந்தரவுகள் வெகுவாகக் குறைகின்றன. பெரியவர்களுக்கும் போடலாம். இரண்டு டோஸுக்கும் நடுவில் குறைந்தது 28 நாள் இடைவெளி வேண்டும். கர்ப்பிணிகளுக்கும், உடம்பின் எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கும் போடக்கூடாது. பக்கத்துப் படுக்கைக்காரனுக்கு வீங்கிய பிறகு ஓடிப்போய்ப் போட்டுக்கொண்டால் அந்தத் தடவைக்குப் பயன்படாது, அடுத்த தடவைக்குத்தான். அதனால் முதலில் செய்யவேண்டியது, வீட்டுக்குப் போகும்போது அம்மாவிடம் கேட்டுப் பழைய தடுப்பூசி அட்டையைத் தேடிப் பார்ப்பது. அதில் எம்.எம்.ஆர். என்று இருக்கிறதா, எம்.ஆர். அல்லது வெறும் மீசல்ஸ் என்று இருக்கிறதா, எத்தனை தேதி இருக்கிறது என்று பாருங்கள். அட்டை கிடைக்கவில்லை, சின்ன வயசில் வீங்கிய ஞாபகமும் யாருக்கும் இல்லை என்றால், ஒரு டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். அரசு அட்டவணையில் இல்லாததால் பெரும்பாலும் காசு கொடுத்துத்தான் போட வேண்டியிருக்கும்.

வந்தே விட்டால்? வீங்கிய நாளிலிருந்து 5 நாள் வகுப்புக்கும் வர வேண்டாம், மெஸ்ஸுக்கும் வர வேண்டாம். தனி டம்ளர், தனித் தட்டு, தனித் துண்டு. கஞ்சி, குழைந்த சாதம், இட்லி, நிறையத் தண்ணீர். புளிக்குழம்பு, ஊறுகாய், எலுமிச்சை எல்லாம் பத்து நாளைக்கு அடுத்தவன் தட்டில் இருக்கட்டும். வாயை வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளித்துக் கொண்டே இருக்க வேண்டும். எச்சில் குறைந்த வாயில் மற்றக் கிருமிகள் குடியேறாமல் இருக்க அதுதான் வழி. ஜுரத்துக்கும் வலிக்கும் பாரசிட்டமால் போதும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் டாக்டர் சொல்லாமல் ஆஸ்பிரின் போடக்கூடாது. தாங்க முடியாத தலைவலி, கழுத்து விறைப்பு, நிற்காத வாந்தி, மேல்வயிற்று வலி, காது மந்தமாவது, விரை வலி, இதில் எது வந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். திருச்சியில் புத்தூர் பக்கம் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை இருக்கிறது.

அந்த 5 நாளில் லேப் வந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். மருத்துவச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டு துறைத் தலைவரிடம் போனில் சொல்லிவிடுங்கள். நேரில் போய் விடுப்புக் கடிதம் கொடுக்கிறேன் என்று ஸ்டாஃப் ரூமில் போய் நிற்காதீர்கள். அங்கேயும் தடுப்பூசி போடாதவர்கள் இருப்பார்கள்.